வாந்தியா, எதுக்களிப்பா? சாப்பிட்ட சோறு வாய்க்குத் திரும்பி வந்தால் என்ன செய்வது

எங்க அக்கா மகளுக்குப் பதினோராம் வகுப்பில் இது ஆரம்பித்தது. சாப்பிட்டுக் கை கழுவிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, விழுங்கின சோறு அப்படியே வாய்க்கு வந்துவிடும். சில நேரம் துப்புவாள், சில நேரம் மென்று மறுபடி விழுங்குவாள். ஒன்றரை வருடம் அலைந்தோம். அந்த அலைச்சலில் பாதி, போன இடமெல்லாம் நாங்கள் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தால் வந்தது: "சாப்பிட்டதும் வாந்தி எடுக்கா டாக்டர்." வாந்தி என்று சொன்னால் வாந்திக்குத்தான் மாத்திரை எழுதுவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய?

நம்ம பேச்சில் இதற்கு மூன்று சொல் இருக்கு. குமட்டிக்கொண்டு, வயிறு புரட்டி, "ஓவ் ஓவ்" என்று வெறுமனே இழுப்பது ஓங்கரிப்பு. அந்த ஓங்கரிப்போடு உள்ளே இருப்பது வேகமாக வெளியே கொட்டுவது வாந்தி. எந்தச் சிரமமும் இல்லாமல், ஏப்பம் வருகிற மாதிரி, உள்ளே போனது மேலே ஏறி வாய்க்கு வருவது எதுக்களிப்பு. எங்க ஆச்சி இந்த மூன்றையும் ஒரு நாளும் மாற்றிச் சொன்னது கிடையாது. நாமதான் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் 'வாமிட்டிங்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம்.

அவளுக்கு வந்த மாதிரி, சாப்பிட்டதும் திரும்பத் திரும்ப எதுக்களிப்பதை டாக்டர்கள் ருமினேஷன் சிண்ட்ரோம் என்பார்கள். மாடு அசைபோடுவதற்கு லத்தீனில் உள்ள சொல்லிலிருந்து வந்த பெயர். ஆனால் பிள்ளையிடம் போய் "நீ மாடு மாதிரி அசைபோடுற" என்று சொல்லிவிடாதீர்கள். எங்க வீட்டில் ஒருத்தர் சொன்னார், அப்புறம் மூன்று மாதம் அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவே இல்லை, தட்டைத் தூக்கிக்கொண்டு மச்சுக்குப் போய்விடுவாள். மாட்டுக்கு அது இயல்பு, அதற்கென்றே அறைகள் உள்ள வயிறு. மனுசனுக்கு நடப்பது வேற.

நடப்பது இதுதான். சாப்பாடு உள்ளே போனதும் வயிற்றின் மேல்சுவர்த் தசை, அதாவது இருமும்போது கை வைத்தால் இறுகித் தெரியுமே அதே தசை, சட்டென்று ஒரு நொடி இறுகுகிறது. இரைப்பைக்குள் அழுத்தம் ஏறுகிறது. அதே நேரத்தில் இரைப்பையின் வாயில் இருக்கிற வளையத் தசை தளர்ந்துகொடுக்கிறது. பல்பசைக் குழாயை மூடி திறந்து அமுக்கினால் என்ன ஆகும், அதுதான். இதைச் செய்கிறவருக்குத் தான் செய்கிறோம் என்றே தெரியாது. வேண்டுமென்று செய்வதில்லை, நடிப்பும் இல்லை. உடம்பு எப்படியோ படித்துக்கொண்ட ஒரு பழக்கம். பலருக்கு ஒரு வயிற்றுப்போக்கு, ஒரு காய்ச்சல், இல்லையென்றால் மனசைப் போட்டு அமுக்குகிற ஒரு காலம், இதற்குப் பிறகு தொடங்கும். சிலருக்கு ஒரு காரணமும் சொல்ல முடியாது.

உடம்பு இதைப் படித்துக்கொள்ளுமா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு பழைய கதை. 19ஆம் நூற்றாண்டில் பிரவுன்-செகார் என்று ஒரு பெரிய மருத்துவர். வயிற்றுக்குள் சுரக்கிற நீரை ஆராய்வதற்காக, நூலில் கட்டிய ஸ்பாஞ்சைத் தானே விழுங்கி விழுங்கி வெளியே இழுத்துப் பார்த்தார். கடைசியில் அந்த மனுசனுக்கே சாப்பிட்டது மேலே வருகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு இந்தக் கதை பெரிய ஆறுதல். படித்துக்கொண்டது என்றால் மறக்கவும் வைக்கலாம்லா.

கண்டுபிடிப்பது எப்படி

முதல் வேலை, பக்கத்தில் இருந்து பார்ப்பது. எனக்கு அது ஒரு மறுவீட்டு விருந்தில் தற்செயலாக நடந்தது. சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல் என்று நல்ல சாப்பாடு. இலையை மடக்கிவிட்டு மண்டபத்து வாசல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அடுத்த நாற்காலியில் நான். வயிற்றுப் பக்கம் சுடிதார் லேசாக ஒரு வெட்டு வெட்டியது. உடனே கன்னம் கொஞ்சம் புடைத்தது, உதடு மூடியது, இரண்டு மெல்லு, ஒரு விழுங்கு. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. எதிரே இருந்த அத்தை பேசிக்கொண்டே இருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது. அரை மணி நேரத்தில் 11 தடவை எண்ணினேன்.

"என்னளா வாயில?" என்றேன்.

"சொதி மாமா. புளிப்பே இல்ல, இப்பச் சாப்பிட்ட மாதிரியேதான் இருக்கு."

அந்த பதிலில் பாதி நோய் கண்டுபிடித்த மாதிரி. சாப்பிட்ட பொருள் அடையாளம் தெரிகிற மாதிரியே வருவது, ருசி மாறாமல் இருப்பது, முன்னால் குமட்டலோ ஓங்கரிப்போ இல்லாமல் இருப்பது, அப்புறம் வயிற்று அமிலம் கலந்து புளிக்கத் தொடங்கியதும் தானாக நின்றுவிடுவது. இந்த நாலும் சேர்ந்தால் ருமினேஷன் பக்கம் யோசிக்க வேண்டும். தூக்கத்தில் வராது என்பது ஐந்தாவது, அதுவும் முக்கியம்.

சரி, டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். சாப்பிட்டு முடித்த நேரம், முதல் தடவை வாய்க்கு வந்த நேரம், கடைசியாக வந்த நேரம், எத்தனை தடவை, என்ன சாப்பாடு, வந்தது புளித்ததா இல்லையா, துப்பினாளா விழுங்கினாளா, வெறும் தண்ணீர் குடித்தாலும் வருகிறதா, ராத்திரி எழுந்தது உண்டா. வாரக் கடைசியில் எடையையும் எழுதுங்கள். பிள்ளை சம்மதித்தால், சாப்பிட்ட பிறகு வயிறும் முகமும் தெரிகிற மாதிரி செல்போனில் ஐந்து நிமிட வீடியோ. நாங்கள் கட்டுக்கட்டாய் ஃபைல் கொண்டுபோன இடங்களில் நடக்காதது அந்த வீடியோவால் நடந்தது. டாக்டர் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது வாந்தி இல்லையேம்மா" என்றார். அக்கா அங்கேயே அழுதுவிட்டாள்.

டாக்டர்கள் வைத்திருக்கிற கணக்கும் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. ரோம் 4 என்று 2016இல் வந்த வரையறைப்படி, பெரியவர்களுக்கு இது குறைந்தது 6 மாதத்துக்கு முன் தொடங்கி, கடைசி 3 மாதமாகத் தொடர்ந்து இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு 2 மாதம் போதும். அதனால் போன வாரம் இரண்டு நாள் எதுக்களித்தது என்பதற்காக யாரும் பதற வேண்டாம். கூட்டாஞ்சோறு மூக்குமுட்டச் சாப்பிட்டால் யாருக்கும்தான் எதுக்களிக்கும்.

இதோடு குழப்பிக்கொள்கிற சங்கதிகள் உண்டு. அமில எதுக்களிப்பு என்றால் நெஞ்செரிச்சல் இருக்கும், புளித்து வரும், படுத்தால் கூடும், ராத்திரியும் வரும், அமிலத்தைக் குறைக்கிற மாத்திரைக்கு ஓரளவாவது கேட்கும். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு வயிறு மெதுவாகக் காலியாகிற பிரச்சினை வரலாம், அதில் குமட்டலோடு பல மணி நேரம் கழித்துப் பழைய சாப்பாடு வெளியே வரும். உணவுக்குழாயின் அடிவாய் திறக்காமல் போகிற அக்கலேஷியா என்று ஒன்று இருக்கு, அதில் சாதமானாலும் தண்ணீரானாலும் நெஞ்சிலே நின்றுகொள்ளும், விழுங்குவதே சிரமம். அப்புறம் எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் வேண்டுமென்றே கக்குவது. வயசுப் பிள்ளைகளிடம் இதை டாக்டர் தனியாகக் கேட்பார், அந்த நேரம் அம்மா அப்பா வெளியே போய் நிற்க வேண்டும், கோபப்படக் கூடாது.

விழுங்கும்போது அடைக்கிறது, ரத்தம் வருகிறது, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது, பச்சையாகப் பித்தம் வருகிறது, ராத்திரி தூக்கத்தில் வருகிறது, எடை வேகமாக இறங்குகிறது, நிற்கும்போது தலை சுற்றி விழப்பார்க்கிறது. இதில் எது ஒன்று இருந்தாலும் நோட்டு, வீடியோ எல்லாம் அப்புறம், உடனே ஆஸ்பத்திரி.

டெஸ்ட் என்று பார்த்தால், எல்லோருக்கும் எல்லாம் தேவைப்படாது. கதை தெளிவாக இருந்தால் அதை வைத்தே சொல்லிவிடுகிற டாக்டர்கள் உண்டு. வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்ய எண்டோஸ்கோப்பி பார்ப்பார்கள், ரத்தத்தில் பொட்டாசியம் பார்ப்பார்கள். எண்டோஸ்கோப்பி நார்மல் என்று வந்தால் "அப்போ ஒண்ணுமில்ல, மனசுதான்" என்று முடிக்கக் கூடாது, ஏனென்றால் இந்த நோயில் எண்டோஸ்கோப்பி பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். உறுதியாகப் பிடித்துக் காட்டுகிற டெஸ்ட் மனோமெட்ரி. மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, சாப்பிட வைத்து, அதன் பிறகு உள்ளே அழுத்தம் எப்படி மாறுகிறது என்று கம்ப்யூட்டரில் பார்ப்பது. இரைப்பை அழுத்தம் திடீரென்று 30 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் குதித்து, அதே நொடியில் சாப்பாடு மேலே ஏறுவது தெரிந்தால் முடிந்தது கதை. வெறும் வயிற்றில் மட்டும் எடுத்தால் இது சிக்காமல் போகலாம், "சாப்பிட்ட பிறகும் பார்ப்பீங்களா சார்?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. எங்களை மாதிரி திருநெல்வேலிக்காரர்கள் என்றால் பாளையங்கோட்டையிலோ சந்திப்பிலோ முதலில் ஒரு குடல் இரைப்பை டாக்டரைப் பாருங்கள், தேவைப்பட்டால் அவரே மதுரைக்கோ வேலூருக்கோ சென்னைக்கோ எழுதித் தருவார்.

வைத்தியம்: வயிற்று மூச்சு

டாக்டர் எழுதித் தந்த தாளில் மாத்திரை பெயரே இல்லை. வெளியே வந்ததும் அக்கா கேட்டாள், "மூச்சு விடுறதுக்கா தம்பி இம்புட்டுத் தூரம் வந்தோம்?" ஆமாம், அதற்குத்தான்.

காரணம் எளிது. வயிற்றுச் சுவர் இறுகினால்தான் சாப்பாடு மேலே வரும். ஆழமாக வயிற்றால் மூச்சிழுக்கும்போது உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசை, கீழே இறங்கி வயிறு வெளியே தளர்ந்துகொடுக்கும். ஒரே தசை ஒரே நேரத்தில் இறுகவும் தளரவும் முடியாது. அது போக, உதரவிதானம் உணவுக்குழாயின் அடிவாயைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருப்பதால் அந்த வாயும் கொஞ்சம் இறுக்கமாகும். இரண்டு வேலை ஒரே மூச்சில்.

முதல் வாரம் சாப்பாட்டுப் பக்கமே போகாதீர்கள், வெறும் வயிற்றில் பழகுங்கள். நாங்கள் பத்தமடைக் கோரைப் பாயை விரித்து அவளை மல்லாக்கப் படுக்க வைத்தோம், முழங்கால் இரண்டையும் மடக்கி. ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேல். மூக்கு வழியாக 4 எண்ணுகிற வரை இழுக்க வேண்டும், வயிற்றில் இருக்கிற கை மேலே எழ வேண்டும், நெஞ்சில் இருக்கிற கை சும்மா கிடக்க வேண்டும். அப்புறம் 6 எண்ணுகிற வரை மெல்ல விட வேண்டும். நிமிடத்துக்கு 6, 7 மூச்சு வந்தால் சரி. ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை.

முதல் இரண்டு நாள் அவளுக்கு வரவே இல்லை. நெஞ்சுதான் ஏறி ஏறி இறங்கியது. நானும் பக்கத்தில் படுத்துச் செய்து பார்த்தேன், எனக்கும் நெஞ்சுதான் ஏறியது, நாற்பது வருடமாக அப்படித்தான் மூச்சு விட்டிருக்கிறேன் போல. அப்புறம் அவளுடைய கணக்கு நோட்டை எடுத்து வயிற்றின் மேல் வைத்தோம். நோட்டு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்ததும் பிடிபட்டுவிட்டது. இங்கே எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு, நோட்டு எழ வேண்டுமே என்று வயிற்றை முக்கித் தள்ளுவது. முக்கினால் தசை இறுகும், எதை நிறுத்த வந்தோமோ அதையே செய்த மாதிரி ஆகிவிடும். மூச்சு உள்ளே போவதால் வயிறு தானாக எழ வேண்டும். விரலால் தொட்டுப் பார்த்தால் மாவு மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். மூச்சை அடக்கவும் கூடாது.

படுத்து வந்த பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து. அப்புறம் நாற்காலியில். அதன் பிறகுதான் சாப்பாடு. கடைசி வாய் விழுங்கியதும், கை கழுவி வந்த உடனே, 10 முதல் 15 நிமிடம் இதே மூச்சு. வாய்க்கு வந்த பிறகு தொடங்கினால் பிந்திப்போச்சு. வருவதற்கு முன் ஒரு அறிகுறி இருக்கும், கூர்ந்து கவனித்தால் பிடிபடும். சிலருக்கு நெஞ்சுக்குழியில் ஒரு நிறைவு, சிலருக்கு ஒரு சின்ன ஏப்பம். எங்க பிள்ளைக்குத் தொண்டைக்குக் கீழே ஒரு குறுகுறுப்பு. அது தெரிந்த நொடியில் மெல்ல ஒரு மூச்சு. நாலைந்து மூச்சில் அடங்கிவிடும், அடங்காவிட்டால் இன்னும் நாலு.

ஒரு மாதத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு 11 என்று இருந்தது 3, 4 என்று வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முதலில் நின்றது, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்குக் கடைசியில் நின்றது. அங்கே மணியடித்ததும் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓட வேண்டுமே. வகுப்பு டீச்சரிடம் போய் ஐந்து நிமிடம் முன்னால் விடச் சொல்லிக் கேட்டோம், விட்டார்கள். இது வெளியே தெரியாத வைத்தியம் என்பது பெரிய வசதி. பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டே மூச்சு விடலாம், டவுண் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டும் விடலாம், யாருக்கும் தெரியாது. வீட்டில் பழகி வராவிட்டால் பிசியோதெரபிஸ்ட்டோ மனநல ஆலோசகரோ கற்றுத் தருவார்கள். தசை இறுகுவதைத் திரையில் காட்டிப் பழக்குகிற பயோஃபீட்பேக் வசதி இருக்கிற இடங்களும் உண்டு.

மாத்திரை பற்றி. அமிலத்தைக் குறைக்கிற பான்டபிரசோல் வகையறா உணவுக்குழாய்க்குக் காவல் இருக்கும், ஆனால் தள்ளுகிற தசையை அது தொடாது. அதனால்தான் நாங்கள் எட்டு மாதம் விழுங்கியும் பலன் இல்லை. மூச்சுப் பயிற்சி போதாதவர்களுக்கு பேக்லோஃபென் என்ற மருந்தைச் சேர்ப்பார்கள், அது இரைப்பை வாயை இறுக்கிப்பிடிக்க உதவும். ஆராய்ச்சிகளில் பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு 3 வேளை கொடுத்திருக்கிறார்கள். தூக்கம் வரும், தலை சுற்றும், திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற சாமான் இல்லை, டாக்டர் எழுதினால் மட்டும்.

நாட்டு வைத்தியமும் பார்த்தோம். உள்ளே சிக்கின சாப்பாட்டை எடுக்கிறேன் என்பார்களே, அந்தத் தொக்கம் எடுத்தோம். குடல் தட்டினோம். திருஷ்டியும் கழித்தோம். மூன்றிலும் காசும் நாளும்தான் போனது, தொக்கம் எடுத்தவர் வாயிலிருந்து காட்டிய துண்டு மூன்று நாள் பழசாம், அவள் மூன்று நாளாகக் கஞ்சி மட்டும்தான் குடித்திருந்தாள்.

சாப்பாட்டில் பெரிய பத்தியம் எதுவும் இல்லை. பழகுகிற காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாகச் சாப்பிடுவதும், சாப்பிடும்போது செம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடிக்காமல் இருப்பதும் எங்களுக்கு உதவியது. அவளுக்குக் கஞ்சியும் மோர்ச்சோறும் லேசாக மேலே ஏறும், உளுந்தங்களி ஏறாது. உங்கள் பிள்ளைக்கு மாறி இருக்கலாம், நோட்டைப் பாருங்கள். பயந்துபோய் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவதுதான் ஆபத்து, எடை அதில்தான் இறங்கும். வாய்க்கு வந்தது புளிக்காமல் இருந்தால் துப்பாமல் விழுங்கிவிடு, சத்தாவது தங்கும் என்று எங்க டாக்டர் சொன்னார். முதலில் எங்களுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது, அவளுக்கு இல்லை.

பல்லைக் கவனியுங்கள். புளித்து வந்த பிறகு உடனே பிரஷ் போடக் கூடாது, அமிலத்தில் ஊறின எனாமல் தேய்ந்துவிடும். தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது கழித்துத் துலக்க வேண்டும். ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டுவதும் நல்லது.

கைக்குழந்தைக்கு என்றால் இந்தக் கட்டுரையை வைத்து எதுவும் செய்யாதீர்கள். பால் கக்குவது பெரும்பாலும் சாதாரணம். வாயை அசைத்து அசைத்துத் தானே மேலே கொண்டுவருகிற மாதிரி இருந்தாலோ எடை ஏறாவிட்டாலோ குழந்தை டாக்டர்தான் பார்க்க வேண்டும். மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கும் இது வருவது உண்டு, அவர்களுக்கான பயிற்சி முறை வேறு.

திரும்ப வருமா என்றால், வரும். அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நேரத்தில் வந்தது, ஒரு வாரம் நாளுக்கு நாலைந்து தடவை. அக்கா போன் போட்டு, "மறுபடி டாக்டர்ட்ட போணுமா?" என்று பதறினாள். எடை இறங்கவில்லை, ராத்திரி வரவில்லை, புதிதாக ஒரு தொந்தரவும் இல்லை. அதனால் முதல் நாளிலிருந்து தொடங்கினோம்: பாய், மல்லாக்கப் படுப்பது, வயிற்றின் மேல் நோட்டு. இந்தத் தடவை கணக்கு நோட்டு வேண்டாம் என்றாள், அதைப் பார்த்தாலே வயிறு இறுகுதாம். தமிழ் நோட்டை வைத்தோம். ஒன்பது நாளில் நின்றது.